இக்பாலின் சென்னை உரைகளும் இஸ்லாமியச் சிந்தனையின் மறுசீரமைப்பும்

1929 ஜனவரி முதல் வாரத்தில் கவிஞர் முகம்மது இக்பால் லாகூரிலிருந்து சென்னைக்கு வந்து ஆங்கிலத்தில் மூன்று சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவரை அழைத்தவர்கள் சென்னை முஸ்லிம் சங்கத்தார். செலவை ஏற்றவர் தோல் வணிகர் சேட் ஜமால் முகம்மது. திருச்சியில் 1951இல் தொடங்கப்பட்ட கல்லூரி இன்றும் இவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இஸ்லாத்தைப் பற்றிப் பேச வெளியூர் அறிஞர்களைச் சென்னைக்கு வரவழைக்கும் வழக்கம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஏற்பட்டிருந்தது. 1925இல் சையித் சுலைமான் நத்வி வந்து நபிகள் நாயகத்தின் வாழ்க்கை குறித்து உருதுவில் எட்டு உரைகள் ஆற்றினார். 'குத்பாதே மத்ராஸ்' என்ற பெயரில் அவை நூலாகி உருது உலகெங்கும் பரவின. 1927இல் வந்த மர்மடியூக் பிக்தால் இஸ்லாத்தைத் தழுவிய ஆங்கிலேயர். திருக்குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். மூன்றாவதாக அழைக்கப்பட்டவர் இக்பால். சென்னையில் பேசிய பின் பெங்களூர், மைசூர் வழியாகச் சென்று, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அடக்கத்தலத்தைத் தரிசித்து, ஹைதராபாத்திலும் உரையாற்றினார். அவ்வாண்டின் இறுதியில் அலிகர் பல்கலைக்கழகத்தில், மேலும் மூன்று சேர்ந்து, உரைகள் ஆறாக முழுமை பெற்றன. 1930இல் லாகூரில் நூலாக வெளிவந்தன. லண்டனில் 1932இல் ஆற்றிய ஏழாம் உரையையும் சேர்த்து ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் 1934இல் மறுபதிப்பு வெளியிட்டது. இஸ்லாத்தில் சமயச் சிந்தனையின் மறுசீரமைப்பு என்பது நூலின் பெயர். இருபதாம் நூற்றாண்டு இஸ்லாமியச் சிந்தனையைப் பற்றி எழுதுகிறவர் எவரும் இந்நூலைத் தொடாமல் கடந்துபோக முடியாது.

நூலாசிரியரின் பின்னணி நூலை விளங்கிக்கொள்ள உதவும். இக்பால் 1877இல் பஞ்சாபின் சியால்கோட்டில் பிறந்தவர். லாகூர் அரசுக் கல்லூரியில் தாமஸ் ஆர்னால்டிடம் தத்துவம் பயின்றார். 1905இல் கேம்பிரிட்ஜ் சென்று மெக்டாகர்ட், ஜேம்ஸ் வார்டு ஆகியோரிடம் பாடம் கேட்டார். பாரசீக மெய்ப்பொருளியலின் வளர்ச்சி குறித்து எழுதிய ஆய்வேட்டுக்கு மியூனிக் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தந்தது. வழக்கறிஞர் தொழிலுக்கும் தகுதி பெற்று 1908இல் ஊர் திரும்பினார். அரபி மதரஸாவில் ஓதிப் பட்டம் பெற்ற ஆலிம் அல்லர் அவர். குர்ஆனிலும் ரூமியிலும் தோய்ந்தவர், காண்டையும் பெர்க்சனையும் வொயிட்ஹெட்டையும் ஆழ்ந்து படித்தவர். இந்த இரட்டைப் படிப்பு நூலின் வலிமையாகவும் அதன்மேல் வந்த குற்றச்சாட்டாகவும் அமைந்தது. உலமாக்களுக்கு அதில் மேற்கின் வாடை அடித்தது. தத்துவப் பேராசிரியர்களோ அதை வேதத்துக்கு வாதாடும் நூல் என்றார்கள்.

நூலின் முதல் பகுதி அறிவைப் பற்றியது. மனிதனுக்கு அறிவு எவ்வழிகளில் வருகிறது, சமய அனுபவம் அவற்றுள் ஒன்றாகுமா என்பதே கேள்வி. புலன்கள் தரும் அறிவைக் குர்ஆன் இழிவாகக் கருதவில்லை என்பதிலிருந்து இக்பால் தொடங்குகிறார். இரவும் பகலும் மாறி வருவது, மனிதர்களின் மொழியும் நிறமும் வேறுபடுவது, மழை, காற்று, மேகம் எல்லாம் இறைவனின் அத்தாட்சிகளாகக் குர்ஆனில் திரும்பத் திரும்பச் சுட்டப்படுகின்றன. தேனீக்கும் இறைவன் வஹீ (இறைச்செய்தி) அறிவித்ததாக ஓர் அத்தியாயம் சொல்கிறது. கண்ணால் காணும் உலகைப் பொய்த்தோற்றமாக ஒதுக்கிய பிளேட்டோவின் வழிக்கும் இதற்கும் நெடுந்தூரம். முற்கால முஸ்லிம் அறிஞர்கள் கிரேக்கத் தத்துவத்தைக் கற்று, அதன் கண்ணாடி வழியே குர்ஆனைப் படித்தார்கள். அதனால் அவர்களின் பார்வை விரிந்தது, குர்ஆனின் நோக்கோ மங்கியது என்று இக்பால் தீர்ப்புரைக்கிறார். கஸ்ஸாலி அந்தத் தத்துவத்தை எதிர்த்துச் சமயத்தை அனுபவத்தின் மேல் நிறுத்தினார். ஆனால் சிந்தனைக்கும் உள்ளுணர்வுக்கும் நடுவில் அவர் எழுப்பிய சுவர் இக்பாலுக்கு உடன்பாடில்லை. இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்பது அவருடைய நிலை.

இரண்டாம், மூன்றாம் உரைகளில் வரும் இயற்பியல் வாதங்கள் இன்று பழசாகிவிட்டன. ஐன்ஸ்டைனின் சார்புக் கோட்பாடு அன்று புதிது. அதன் துணைகொண்டு காலம், வெளி பற்றி அவர் சொன்னவற்றுள் பெரும்பகுதியை இன்றைய வாசகர் விரைந்து கடந்துபோகலாம். அவர் விடாமல் பிடித்திருந்த ஒரு கருத்து மட்டும் கவனத்துக்குரியது. உலகம் படைத்து முடித்து ஓரமாக வைக்கப்பட்ட பொருளன்று. படைப்பு தொடர்ந்துகொண்டே இருக்கிறது. மனிதன் அதில் பங்காளி. பின்னால் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது அவர் எடுக்கும் துணிச்சலான முடிவுகள் எல்லாம் இந்த அடித்தளத்தின் மேல் எழுந்தவை.

ஐந்தாம் உரை அப்துல் குத்தூஸ் கங்கோஹி என்ற சூஃபியின் கூற்று ஒன்றோடு தொடங்குகிறது. மிஃராஜ் இரவில் விண்ணேறிய நபிகள் பூமிக்குத் திரும்பி வந்தார்கள். நானாக இருந்தால் திரும்பியிருக்க மாட்டேன் என்பது கங்கோஹி கூற்றின் சாரம். இக்பாலின் விளக்கம் இது: ஞானிக்கு அந்த அனுபவமே முடிவான இலக்கு, நபிக்கோ அது புறப்படும் இடம். நபி திரும்பி வந்து வரலாற்றில் இறங்கி, மக்களின் வாழ்க்கையை மாற்றி அமைக்கிறார். அவர் பெற்ற அனுபவத்தின் மதிப்பை அவர் உருவாக்கிய சமுதாயத்தைக் கொண்டு அளக்கலாம்.

இங்கிருந்து இக்பால் எடுக்கும் அடுத்த அடி நூலிலேயே மிகவும் பேசப்பட்ட இடம். நபித்துவம் முஹம்மது நபியோடு நிறைவுற்றது என்பது முஸ்லிம்கள் அனைவரின் ஈமானைச் சேர்ந்த கொள்கை. அந்த நிறைவுக்கு அவர் ஓர் அறிவுசார் பொருள் தருகிறார். இனி எவரும் தமக்கு மேலிருந்து செய்தி வந்தது என்று சொல்லிப் பிறரைக் கட்டுப்படுத்த முடியாது. மனிதன் தன் பகுத்தறிவையும் அனுபவத்தையும் கொண்டு வழி தேடிக்கொள்ள வேண்டிய பருவம் வந்துவிட்டது. புரோகித வகுப்பும் பரம்பரை அரசுரிமையும் இஸ்லாத்தில் இல்லாததும், இயற்கையையும் வரலாற்றையும் அறிவின் ஊற்றுகளாகக் குர்ஆன் காட்டுவதும் இந்த ஒரே கருத்தின் பல முகங்கள். பீரூனியின் கணிதமும் இப்னு கல்தூனின் வரலாற்றியலும் இந்த மனப்பான்மையில் விளைந்தவை என்று அவர் வாதிடுகிறார். இந்த வாதம் பிற்காலத்தில் மலிந்துபோயிற்று. எல்லா விஞ்ஞானமும் குர்ஆனில் முன்பே சொல்லப்பட்டுவிட்டது என்று மீலாது மேடைகளில் கைதட்டு வாங்கும் பேச்சுக்கு இக்பாலையும் துணைக்கு இழுப்பதுண்டு. அவர் சொன்னது நேர்மாறானது. விடைகள் முன்பே தரப்பட்டுவிட்டன என்று அவர் கருதவில்லை. தேடும் பொறுப்பு தரப்பட்டிருக்கிறது என்றார்.

மனிதனின் 'தன்மை' (குதி, அதாவது 'நான்' என்னும் தனித்துவம்) பற்றிய அவருடைய கோட்பாடு இதனோடு இணைந்து வருகிறது. 1915இல் பாரசீகத்தில் எழுதிய 'அஸ்ராரே குதி' என்ற காவியத்தில் அவர் அதை முதலில் வெளியிட்டார். தன்னை அழித்துக்கொள்வதே ஆன்மிகத்தின் உச்சம் என்ற பழைய சூஃபி வழக்குக்கு எதிராக, தன்னை வலுப்படுத்துவதே கடமை என்று அதில் பாடினார். பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸைக் கடிந்து எழுதிய பகுதி பெரும் எதிர்ப்பைக் கிளப்பியதால் அடுத்த பதிப்பில் அது நீக்கப்பட்டது. சூஃபி ஹல்லாஜ் 922இல் பக்தாதில் கொல்லப்படக் காரணமான 'அனல் ஹக்' (நானே மெய்ம்மை) என்ற கூற்றைக்கூட, கடலில் துளி கரைவதாகக் கொள்ளாமல், மனிதத் தன்மை அழியாமல் நிலைபெறுவதன் அறிவிப்பாக உரைகளில் விளக்கினார். குணங்குடி மஸ்தான் சாகிபையும் தக்கலை பீர்முகம்மது அப்பாவையும் ஓதி வளர்ந்த தமிழ்ச் செவிக்கு இது சற்று முரட்டுத்தனமாகவே ஒலிக்கும். 'நான்' கரைய வேண்டும் என்று ஏங்கும் மரபு இங்கே வேரோடியது. ஆனால் அடிமைப்பட்ட நாட்டில், தோல்வியை விதி என்று ஏற்றுச் சோர்ந்திருந்த சமுதாயத்தை நோக்கி அவர் பேசினார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆதமின் கதையை அவர் வீழ்ச்சியாகக் கருதவில்லை; தேர்ந்தெடுக்கும் உரிமையை மனிதன் முதன்முறை உணர்ந்த நிகழ்ச்சியாக வாசித்தார். மறுமை வாழ்வு பிறப்புரிமையாக வருவதில்லை, செயலால் ஈட்டிக்கொள்ள வேண்டியது என்றார். சுவர்க்கமும் நரகமும் இடங்கள் அல்ல, உள்ளத்தின் நிலைகள். நரகம் என்றென்றும் வதைப்பதற்கானதன்று, திருத்துவதற்கானது என்றும் எழுதினார். வழக்கமான கொள்கை நூல்களில் ஊறிய உலமாக்களுக்கு இவை எளிதில் செரிக்கவில்லை.

தொழுகையைப் பற்றிய பகுதி தமிழ்நாட்டைத் தொட்டுச் செல்கிறது. கூட்டுத் தொழுகையில் வரிசை கட்டித் தோளோடு தோள் நிற்பதன் சமூகப் பொருளை விளக்குமிடத்தில், தென்னிந்தியாவின் உயர்சாதிப் பிராமணர் தீண்டத்தகாதவராக்கப்பட்டவரோடு நாள்தோறும் அவ்வாறு நிற்க நேர்ந்தால் எத்தகைய ஆன்மிகப் புரட்சி நடக்கும் என்று இக்பால் வியந்து கேட்கிறார். சென்னை அழைப்புக்காக எழுதிய தொடரில் இந்த வரி தற்செயலாக விழுந்ததாகத் தோன்றவில்லை. வைக்கம் போராட்டம் முடிந்து நான்கு ஆண்டுகள்கூட ஆகவில்லை. அவர் பேசிச் சென்ற அடுத்த மாதம், 1929 பிப்ரவரியில், செங்கல்பட்டில் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு கூடியது. சாதியின் பிடியிலிருந்து விடுபட இஸ்லாம் ஒரு வழி என்ற பேச்சைப் பெரியாரும் தம் மேடைகளில் எடுத்தார். ஆனால் இக்பால் அந்தக் கேள்வியை முஸ்லிம்களை நோக்கித் திருப்பவில்லை. பள்ளிவாசல் வரிசையில் ஒன்றாக நிற்பவர்கள் பெண் கொடுத்து வாங்கும்போது குலம் கோத்திரம் பார்ப்பது பஞ்சாபிலும் உண்டு, தமிழ் ஊர்களிலும் உண்டு. நூலின் இந்தப் பக்கத்தில் அது இடம்பெறவில்லை என்பது ஒரு குறையே.

ஆறாம் உரையின் பொருள் இஸ்லாத்தின் கட்டமைப்பில் உள்ள இயக்க விதி, அதாவது இஜ்திஹாத். இதன் கரு 1924 இறுதியிலேயே லாகூரில் அவர் படித்த கட்டுரையில் இருந்தது. அப்போதே பழைமைவாத உலமாக்கள் அவரைக் கடிந்தார்கள். அதனால் அச்சேற்றாமல் வைத்திருந்து, சென்னை அழைப்பு வந்த பிறகு விரித்து எழுதினார். குர்ஆனிலும் ஹதீஸிலும் நேரடியான விடை இல்லாத கேள்விக்குச் சட்ட அறிஞர் தம் அறிவைச் செலுத்தி முடிவு காண்பது இஜ்திஹாத். முதல் சில நூற்றாண்டுகளில் தடையின்றி நடந்த இம்முயற்சி, நான்கு மத்ஹபுகள் (சட்டப் பள்ளிகள்) உறுதிப்பட்ட பின், முன்னோர் சொன்னதைப் பின்பற்றும் தக்லீதாகச் சுருங்கியது.

தமிழ் முஸ்லிம்களிடையே மத்ஹப் வேறுபாடு பெரும்பாலும் தொழுகையில் கண்ணுக்கும் காதுக்கும் தெரியும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் ஷாஃபிகள் ஜமாஅத் தொழுகையில் 'ஆமீன்' என்று உரக்கச் சொல்வார்கள். உள்நாட்டு ஹனஃபிகள் மனத்துக்குள் சொல்வார்கள். அஸர் தொழுகையின் நேரமும் மாறுபடும். இந்த அளவில் இருப்பது வரை வேறுபாடு யாருக்கும் இடைஞ்சலில்லை. திருமணம், மணவிலக்கு, சொத்து என்று வரும்போது, எந்த மத்ஹபின் தீர்ப்பு பொருந்தும் என்பது ஒருவர் வாழ்க்கையையே தீர்மானித்துவிடும்.

சட்டம் உறைந்துபோனதற்கு இக்பால் மூன்று காரணங்கள் காட்டுகிறார். முஃதஸிலாக்களின் பகுத்தறிவு வாதம் சமுதாயத்தைச் சிதறடித்துவிடும் என்ற அச்சம் முதலாவது. கூர்மதியாளர்கள் துறவுச் சூஃபிநெறியின் பக்கம் ஈர்க்கப்பட்டுப் பொதுவாழ்வு இரண்டாந்தரத்தார் கைக்குப் போனது இரண்டாவது. 1258இல் மங்கோலியர் பக்தாதை அழித்தபோது, எஞ்சியதையாவது காப்பாற்றிக்கொள்வோம் என்று அறிஞர்கள் சட்டத்தைப் பூட்டி வைத்தது மூன்றாவது. மூன்றாவதை அவர் புரிந்துகொள்கிறார், ஆனால் ஏற்கவில்லை. ஒரு சமுதாயத்தைச் சிதையாமல் காப்பது கட்டுப்பாட்டைவிட அதிலுள்ள தனிமனிதர்களின் தரமும் ஆற்றலுமே என்பது அவர் மறுமொழி.

அவர் கண்முன் இருந்த எடுத்துக்காட்டு துருக்கி. 1924 மார்ச் 3இல் துருக்கியின் பெரும் தேசிய மன்றம் கிலாஃபத் என்ற கலீஃபா பதவியை ஒழித்தது. கிலாஃபத்தைக் காக்க இந்தியாவில் சிறை சென்றவர்களுக்கு அது இடி. இக்பாலோ, தலைமைப் பொறுப்பைத் தனி ஒருவரிடமிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்துக்கு மாற்றுவது இஜ்திஹாதின்படி சரியானதே என்றார். துருக்கியின் சிந்தனையாளர் ஸியா கோகல்ப் எழுப்பிய கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினார். தொழுகை அழைப்பும் குர்ஆனும் தாய்மொழியில் ஒலிக்க வேண்டும் என்ற கோகல்பின் விருப்பத்தை அவர் ஆதரிக்கவில்லை. ஆனால் அது கேள்விப்படாத புதுமை அல்ல, பெர்பர் இனத்தாரான இப்னு தூமர்த் தம் மக்களுக்காகக் குர்ஆனைப் பெர்பர் மொழியில் பெயர்க்கவும் அம்மொழியிலேயே பாங்கு சொல்லவும் ஆணையிட்டார் என்று நினைவூட்டினார். அதே காலத்தில் தமிழ்நாட்டில் 'தாருல் இஸ்லாம்' இதழை நடத்திய பா. தாவூத்ஷா தமிழில் மார்க்க அறிவைப் பரப்பப் போராடிக்கொண்டிருந்தார்; அப்துல் ஹமீது பாகவி குர்ஆனைத் தமிழாக்கும் பணியில் இறங்கியிருந்தார். தமிழில் பயான் செய்துவிட்டு அரபியில் குத்பா ஓதும் இன்றைய வழக்கம் பல பள்ளிவாசல்களில் இந்தச் சிக்கலுக்கு அமைதியாகக் கண்ட தீர்வு.

சட்டத்தின் ஊற்றுகள் நான்கு: குர்ஆன், ஹதீஸ், இஜ்மா, கியாஸ் (ஒப்புநோக்கி முடிவு காணல்). அறிஞர்களின் ஒருமித்த கருத்தாகிய இஜ்மா கோட்பாட்டளவில் போற்றப்பட்டதே தவிர நிலையான அமைப்பாக ஒருபோதும் உருவெடுக்கவில்லை. உருவெடுக்க மன்னர்கள் விடவுமில்லை என்கிறார் இக்பால். தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றமே இக்காலத்தில் இஜ்மாவின் வடிவம் என்பது அவர் முன்வைத்த யோசனை. சட்டமன்றம் தவறு செய்யாதா? செய்யலாம். அதற்காக மன்றத்தின்மேல் உலமாக்களின் தனிக்குழு ஒன்றை அமர்த்துவதை (ஈரானின் 1906ஆம் ஆண்டு அரசியலமைப்பின் வழியில் செய்த ஏற்பாடு அது) அவர் ஆபத்தானதாகவே கண்டார். உலமாக்கள் மன்றத்துக்குள்ளேயே உறுப்பினராக அமர்ந்து விவாதத்தில் பங்கேற்கட்டும், சட்டக் கல்வி விரிவடையட்டும் என்றார். இந்தியாவைப் பற்றி மட்டும் அவருக்குத் தயக்கம் இருந்தது. முஸ்லிம் அல்லாதவர் பெரும்பான்மையாக உள்ள மன்றம் இஜ்திஹாத் செய்ய முடியுமா என்று ஐயுற்றார்.

அதே உரையில் பஞ்சாபின் நிலை ஒன்றை அவர் சொல்கிறார். அதை விரிவாகப் பார்க்க வேண்டும். ஏட்டுச் சிந்தனை வாழ்க்கையை எப்படித் தொடுகிறது என்பது அங்கே புலப்படும். வேண்டாத கணவரிடமிருந்து விடுபட விரும்பிய முஸ்லிம் பெண்கள் சிலர் இஸ்லாத்தையே துறந்தார்கள். காரணம் ஹனஃபி சட்டம். கணவன் தலாக் சொன்னாலொழிய, அல்லது மஹரை விட்டுக்கொடுத்துக் குலா பெற அவன் இணங்கினாலொழிய, பெண்ணுக்கு விடுதலை அரிது. கணவன் சோறு போடாவிட்டாலும், அடித்தாலும் அதனை மணமுறிவுக்குப் போதிய காரணமாக ஹனஃபி நூல்கள் ஏற்கவில்லை. காணாமல் போனவனின் மனைவி, அவன் பிறந்ததிலிருந்து தொண்ணூறு ஆண்டுகள் நிறையும்வரை காத்திருக்க வேண்டும் என்ற கருத்து அந்த மத்ஹபில் மேலோங்கியிருந்தது. ஆனால் மனைவி மதம் மாறினால் திருமணம் முறிந்துவிடும் என்பதும் அதே நூல்களில் இருந்தது. பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் அதை அப்படியே ஏற்றன. ஆகவே ஒரு பெண் கிறிஸ்தவ மிஷனிடமோ வேறிடத்திலோ சென்று மதம் மாறியதாகப் பதிவு செய்துகொண்டு, அந்தச் சான்றுடன் நீதிமன்றப் படியேறினாள். மார்க்கத்தைக் காக்க வந்த சட்டமே மார்க்கத்தை விட்டு வெளியேறும் வாசலானது. ஷரீஅத் காக்க வந்த ஐந்தில், மார்க்கம், உயிர், அறிவு, பொருள், வம்சம் என்ற அந்த வரிசையில், முதலாவதே மார்க்கம்தான் என்று சட்ட அறிஞர் ஷாதிபியை மேற்கோள்காட்டி, ஹனஃபி நூலின் விதியைப் பற்றிக்கொண்டிருப்பது அந்த முதல் நோக்கத்தைக் காக்கிறதா என்று இக்பால் கேட்டார்.

கேள்வி ஆங்கிலம் படித்த வழக்கறிஞரிடமிருந்து வந்தது. விடை வேறு திசையிலிருந்து வந்தது. தியோபந்து வழியைச் சேர்ந்த மௌலானா அஷ்ரஃப் அலி தானவி தக்லீதில் உறுதியானவர். மனைவி மதம் மாறினால் திருமணம் முறியும் என்று முன்பு ஃபத்வா கொடுத்தவரும் அவரே. 1930களின் தொடக்கத்தில் அவர் தம் நிலையை மாற்றிக்கொண்டார். மதீனாவின் மாலிகி அறிஞர்களிடம் எழுதிக் கேட்டு, அவர்களின் தீர்ப்புகளைத் தொகுத்து, 'அல்ஹீலத்துன் நாஜிஸா' என்ற நூலை வெளியிட்டார். தேவை நெருக்கும்போது ஒரு மத்ஹபார் மற்றொரு மத்ஹபின் தீர்ப்பை ஏற்கலாம்; மாலிகி மத்ஹபின்படி காணாமல் போனவனின் மனைவி நான்கு ஆண்டுகளே காத்திருந்தால் போதும்; மனைவி மதம் மாறினாலும் திருமணம் தானாக முறியாது என்பன அதன் முடிவுகள். மத்ஹபுகளுக்குள் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்கும் இந்த வழியை உஸ்மானியர் 1917ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டத்திலேயே கையாண்டிருந்தார்கள். இக்பால் தத்துவத்தின் வழியாகவும் தானவி ஃபிக்ஹின் வழியாகவும் நடந்து ஏறக்குறைய ஒரே இடத்தில் சந்தித்தார்கள். இவர்களில் ஒருவரை நவீனர் என்றும் மற்றவரைப் பழைமைவாதி என்றும் பிரித்து வைத்துவிட்டு நகரும் வரலாறுகள் இதைக் காணத் தவறுகின்றன.

1936இல் காஜி முகம்மது அகமது காஸ்மி மத்திய சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். 1939 மார்ச்சில் முஸ்லிம் திருமணங்கள் கலைப்புச் சட்டம் நிறைவேறியது. கணவன் நான்கு ஆண்டுகள் காணாமல் போனால், இரண்டு ஆண்டுகள் பராமரிக்கத் தவறினால், ஏழாண்டு அல்லது அதற்கு மேல் சிறைத்தண்டனை பெற்றால், கொடுமை செய்தால், இன்னும் சில காரணங்களாலும் முஸ்லிம் பெண் நீதிமன்றம் சென்று மணமுறிவு பெறலாம். பதினைந்து வயதுக்கு முன் பெரியவர்கள் செய்துவைத்த திருமணத்தை, கூடி வாழாத நிலையில், பதினெட்டு வயதுக்குள் மறுத்து விடுபடவும் வழி உண்டு. மதமாற்றம் மட்டுமே திருமணத்தை முறிக்காது என்று நான்காம் பிரிவு சொல்கிறது. மணமுறிவு வழக்குகளை முஸ்லிம் நீதிபதியே விசாரிக்க வேண்டும் என்ற விதி மசோதாவில் இருந்தது. அது நீக்கப்பட்டதால் உலமாக்கள் மனங்கசந்தார்கள். நடந்ததில் ஒரு விசித்திரம் உண்டு. முஸ்லிம் அல்லாதவர் நிறைந்த மன்றம் இப்பணியைச் செய்ய முடியுமா என்று இக்பால் ஐயுற்றிருந்தார். அவர் 1938 ஏப்ரல் 21இல் மறைந்தார். அடுத்த ஆண்டு, இந்துக்களும் ஆங்கிலேயரும் அமர்ந்திருந்த மன்றத்தில், ஆலிம்கள் வகுத்த வழியில், அவர் சுட்டிக்காட்டிய கொடுமை நீங்கியது.

இக்பால் நின்றுபோன இடங்களும் உண்டு. மணவிலக்கிலும் வாரிசுரிமையிலும் பெண்ணுக்குச் சமத்துவம் வேண்டும் என்று கோகல்ப் கோரினார். மணவிலக்கைப் பொறுத்தவரை, திருமணத்தின்போதே கணவனின் தலாக் உரிமையைத் தனக்கும் எழுதி வாங்கிக்கொள்ளப் பெண்ணுக்குச் சட்டம் இடம் தருகிறது என்று இக்பால் விடை சொன்னார். நிக்காஹ் பதிவேட்டில் அப்படி ஒரு வரி சேர்க்கப்படுவது இன்றும் அபூர்வம். வாரிசுரிமையில் மகளுக்கு மகனில் பாதி என்பதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பெண்ணைத் தாழ்த்துவதற்காக அப்படி வைக்கப்படவில்லை. மஹர் அவளுடையது, அவளைப் பராமரிக்கும் கடமை கணவனுடையது, அவளுடைய பொருளாதார நிலையைக் கணக்கில் கொண்டே பங்கு வகுக்கப்பட்டது என்றார். பங்கு பொருளாதார நிலையைப் பொறுத்தது என்றால், அந்த நிலை மாறினால் பங்கும் மாறுமா என்ற அடுத்த கேள்வி தானே எழுகிறது. இயக்க விதி பேசிய நூல் அந்தக் கேள்வியை எழுப்பாமல் கடக்கிறது. ஆனால் அன்றைய பஞ்சாபில் வழக்காற்றுச் சட்டத்தின்படி மகளுக்குப் பாதிப் பங்குகூடக் கிடைக்கவில்லை என்பதையும் மறக்கலாகாது. 1937இல் வந்த ஷரீஅத் சட்டமும் விவசாய நிலத்தை விலக்கி வைத்தே இயற்றப்பட்டது.

அரசியலில் அவர் பெயர் வேறு காரணத்துக்காக நிலைத்தது. சென்னை உரைகளுக்கு ஏறக்குறைய இரண்டாண்டுகள் கழிந்து, 1930 டிசம்பரில், அலகாபாத் முஸ்லிம் லீக் மாநாட்டுத் தலைமையுரையில் வடமேற்கு மாகாணங்களை இணைத்த முஸ்லிம் அரசு ஒன்றைப் பற்றிப் பேசினார். 1909 முதல் தனித்தொகுதி முறை முஸ்லிமைத் தலைக்கணக்கில் ஓர் எண்ணாக்கியிருந்தது. அந்த அரசியலுக்குள் பேசியபோது இக்பாலும் நிலப்பரப்பு, பெரும்பான்மை என்ற மொழியைக் கையாண்டார். உரைகளில் வரும் 'தன்மை' அப்படிப்பட்டதன்று. அது பிறப்பால் கிடைப்பதில்லை. செயலாலும் சிந்தனையாலும் ஒவ்வொருவரும் கட்டிக்கொள்ள வேண்டியது. முஸ்லிம் அடையாளம் என்றால் எதை மாற்றாமல் வைத்திருப்பது என்ற கேள்விதான் இன்று முதலில் எழுகிறது. எதைச் சிந்தித்து முடிவெடுக்கும் பொறுப்பு நமக்கு உண்டு என்று அந்நூல் கேட்கிறது. பாகிஸ்தானில் அவர் தேசியக் கவிஞரானார். படம் மாட்டப்படாத அரசு அலுவலகம் அங்கே அரிது. ஆனால் அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்த அறிஞர் ஃபஸ்லுர் ரஹ்மான், எழுத்துக்காக எழுந்த கொந்தளிப்பால் 1968இல் அந்நாட்டை விட்டு வெளியேறிச் சிகாகோவில் ஆசிரியப்பணி செய்து, 1988இல் மறைந்தார். குர்ஆனின் ஒவ்வொரு விதியும் எந்தச் சூழலுக்கு வந்தது என்று பின்னோக்கிச் சென்று அதன் நோக்கத்தைக் கண்டு, அந்த நோக்கத்தோடு இன்றைய சூழலுக்குத் திரும்பி வர வேண்டும் என்ற அவருடைய முறை, இக்பால் தொட்டுவிட்டுப் போன வேலைக்கு ஒழுங்கான வடிவம் தந்தது.

இந்தியாவில் அண்மைக் காலத்தில் முத்தலாக் பற்றி நடந்த விவாதம் இந்த வரலாற்றை நினைவூட்டியிருக்க வேண்டும். ஒரே மூச்சில் சொல்லும் மூன்று தலாக்கை ஒன்றாகவே கொள்ளலாம் என்ற கருத்து இப்னு தைமிய்யா முதலிய முற்கால அறிஞர்களிடமே உண்டு. பல முஸ்லிம் நாடுகள் அதைச் சட்டமாகவும் ஆக்கின. இந்திய ஆலிம்கள் 1930களில் தானவி செய்ததைப் போலத் தாங்களே முன்வந்து அதை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. 2017 ஆகஸ்ட் 22இல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அதைச் செல்லாததாக்கியது. 2019இல் நாடாளுமன்றம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சமுதாயத்துக்குள்ளிருந்து வர வேண்டிய முடிவு வெளியிலிருந்து, தண்டனையோடு வந்தது. உள்ளிருந்து வந்த 1939ஆம் ஆண்டுச் சட்டமோ இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலும் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.